கொஞ்சம் இரைச்சல் சேர்த்தபோது

எனக்கு இரைச்சல் என்றாலே ஆகாது. இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்த் தாம்பரத்தில் பிறக்க வைத்தது யார் பார்த்த வேலையோ தெரியவில்லை. ஒரு பக்கம் எலெக்ட்ரிக் ரயில், தலைக்கு மேலே பயிற்சி விமானம், ஆடி மாசத்தில் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர், டிசம்பர் வந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு வருகிற கேரல் கோஷ்டி. பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, "கொஞ்சம் நிறுத்தித் தொலைங்களேன்" என்று சுவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அந்த நான், இரைச்சலுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் என் அக்காவே சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த வேலை அப்படி. சானடோரியத்துக்குப் பக்கத்தில், லிஃப்டுக்குப் பேச்சு வைக்கிற ஒரு சின்ன கம்பெனி. "கதவு மூடுகிறது", "இரண்டாவது மாடி" என்று லிஃப்ட் பேசுகிறதே, அந்த வார்த்தைகளை ஒரு அம்மாளைப் பேசவைத்து டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டைவிரல் அளவு சிப்பில் அடக்கித் தருவது என் பொறுப்பு. சிப்பில் இடம் ரொம்பக் குறைவு. அதனால் குரலைச் சுருக்கியாக வேண்டும். கம்ப்யூட்டர் குரலை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். அளவுகோலில் கோடுகள் நெருக்கமாக இருந்தால் குரல் அப்படியே இருக்கும், ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். கோடுகளைக் குறைத்துவிட்டால் இடம் மிச்சம். இரண்டு கோட்டுக்கு நடுவில் விழுகிற அளவை எது பக்கமோ அந்தக் கோட்டுக்குத் தள்ளிவிடுவோம். லிஃப்ட் அம்மாள் கணீரென்று பேசுகிறவர். அவர் குரலில் இப்படித் தள்ளியது யாருக்கும் தெரியாது.

முதலாளி பல்லாவரத்துக்காரர். அவருடைய வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் பிடிவாதமாக எலெக்ட்ரானிக்ஸில் இறங்கினார். நல்ல மனுஷர், ஆனால் சந்தேகப் பிராணி. எங்கள் சிப்பை எவனோ கழற்றி, உள்ளேயிருந்த குரலை அப்படியே காப்பியடித்துத் தன் லிஃப்டில் வைத்துவிட்டான். அன்றையிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. "பூட்டு போடும்மா, குரலுக்குப் பூட்டு போடு" என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்.

போட்டேன். அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு ஆரம்ப எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து தாறுமாறாக எண்கள் கொட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு கணக்கு எழுதலாம். பார்க்கிறவனுக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் அதே ஆரம்ப எண்ணை மறுபடி கொடுத்தால் அதே தாறுமாறு அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். ஆபீசில் குரலோடு இதைக் கலந்து சிப்பில் ஏற்றுவோம். லிஃப்டில் இருக்கிற போர்டுக்கு ஆரம்ப எண் தெரியும், அது பேசுகிற நேரத்தில் கலந்ததைக் கழித்துவிடும். எண் தெரியாமல் காப்பியடிக்கிறவனுக்கு "உஷ்ஷ்" என்று பிரஷர் குக்கர் சத்தம்தான் கிடைக்கும். முதலாளி அந்த உஷ்ஷைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இப்போது மாமாவைச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்காரர். பஸ் கண்டக்டர். தாம்பரம் - வேளச்சேரி ரோட்டில் ஓடுகிற வண்டியில் வேலை, வீடும் அதே ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கத்தில். அவருக்கு மைக்கே தேவையில்லை. பின்படியில் நின்று "உள்ள போ, உள்ள போ, உள்ள இன்னா காலியா வச்சிக்கினு படில தொங்கறே" என்றால் முன்படியில் தொங்குகிறவன் உள்ளே போவான். சிரித்தால் தெருமுனை நாய் எழுந்து உட்காரும். அவரோடு குடித்தனம் பண்ணி என் அக்காவும் அதே பாஷை பேச ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் நாள் பூராவும் சண்டை போடுவார்கள். "யோவ்" என்று அவள் ஆரம்பித்தால் "இன்னாமே" என்று இவர் முடிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் சமாதானம் பண்ண வருவார்கள், பாவம்.

நான் காலேஜ் படித்த நாலு வருஷமும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். காலையில் தலைவாரிக்கொண்டே ஓடிவருகிற கேஸ் நான். ஸ்டாப்பில் அவர் வண்டி நிற்கும். டிரைவர் கிளப்பப் பார்ப்பார். மாமா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இருப்பா, இன்ஜினியரம்மா வந்துகினு கீறாங்க!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மானம் போகும் எனக்கு. "மாமா, தயவுசெஞ்சு அப்படிக் கத்தாதீங்க" என்று அழுதிருக்கிறேன். மறுநாள் இன்னும் சத்தமாகக் கத்துவார். இன்றைக்கு நினைத்தால் அந்தக் குரல்தான் என்னைக் கையைப் பிடித்து காலேஜுக்கு அனுப்பியது. வேறு யாருக்காக ஒரு பஸ் நின்றிருக்கிறது, சொல்லுங்கள்.

அந்தக் குரல் ஒரு வருஷம் கம்ம ஆரம்பித்தது. முதலில் எல்லோரும் கிண்டல் செய்தோம், மாமாவுக்கு இப்போதுதான் குரல் உடைகிறது என்று. மிளகுப் பால், சித்தரத்தை, எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குரல்வளையில் கட்டி, பரவுவதற்கு முன்னால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டரை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். எதையும் மறைக்காமல், அவசரப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், அவ்வளவுதான்.

எனக்கு ராத்திரியெல்லாம் யோசனை. குரலைப் பிடித்து சிப்பில் வைப்பதுதானே என் பிழைப்பு? லிஃப்டுக்கு வைக்கிற நான் மாமாவுக்கு வைக்க மாட்டேனா? மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். எட்டு பட்டன் வைத்த ஒரு போர்டு வேண்டும், கையில் பிடிக்கிற அளவுக்கு, பேட்டரியில் ஓடுகிற மாதிரி என்றேன். காரணத்தைக் கேட்டார், சொன்னேன். அலமாரியைத் திறந்து, ஒரு வாடிக்கையாளருக்காக எடுத்து வைத்திருந்த போர்டைக் கையில் கொடுத்து, "முதல்ல இத முடி. லிஃப்டெல்லாம் ஓடிப் போயிடாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எனக்குக் கொடுத்த தொல்லை எல்லாவற்றையும் மன்னித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு உள் அறையில் ரெக்கார்டிங். நல்ல சித்திரை வெயில். இரைச்சல் ஒரு பொட்டு கூட உள்ளே வரக் கூடாது என்று ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். குழாயடியில் குடத்தை வைக்காதே என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னேன். அடுப்பங்கரையில் அக்கா கடுகு தாளித்தாள், ஒரு டேக் போயிற்று, அவளோடு ஒரு சண்டை. விமானம் போனது, ஒரு டேக் போயிற்று, யாரோடு சண்டை போடுவது?

நான் பெரிய மேதாவி மாதிரி வாக்கியங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன். "தண்ணி குடு." "வலிக்குது." "டாக்டரைக் கூப்பிடு." மாமா பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் கைய காட்னா புரிஞ்சிக்குவாங்கோ. நான் இன்னா ஆஸ்பத்திரிலயே குடித்தனம் பண்ணப் போறனா?" என்றார், அந்தக் கம்மின குரலில். அவர் இஷ்டத்துக்குப் பேசினார். "ரைட், போலாம்!" "உள்ள போ, உள்ள போ!" "டீயா இது? பாத்திரம் கழுவுன தண்ணியா?" "இருப்பா, இன்ஜினியரம்மா வந்துகினு கீறாங்க!" கட்டியோடு போராடிக்கொண்டிருந்த தொண்டையிலிருந்து அத்தனையும் முழுச் சத்தத்தில் வந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர், சிரிப்பு, இரண்டும். கடைசி பட்டனுக்கு மட்டும், கதவைச் சாத்து என்று கை காட்டினார். அக்கா கடைக்குப் போயிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியதால் நடுவில் போட்டிருந்த ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, நான் கவனிக்கவில்லை. மைக்கின் பக்கத்தில் வாயை வைத்து, மூச்சுக்குச் சமமாகச் சொன்னார்:

"இன்னாமே, தூங்கிட்டியா?"

"மாமா, ஃபேன்!" என்று நான் பாய்ந்தேன். நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். அப்புறம்தான் இது என்ன வாக்கியம் என்று கேட்டேன். கடைசி டிரிப் முடிந்து வீட்டுக்கு வரும்போது கதவைத் தட்டினால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அதனால் ஜன்னல் பக்கம் வந்து இப்படிக் கேட்பாராம். அக்கா உள்ளேயிருந்து, "நான் தூங்கிட்டா உனக்குக் கதவை எவன்யா தொறப்பான்?" என்பாளாம். கல்யாணமான நாளிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே பதில். ஊரைக் கூட்டுகிற அந்த மனுஷர் நாளில் ஒரு தடவை மெதுவாகப் பேசுகிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "அவகிட்ட சொல்லாதே. நானே ஒரு நாள் அமுக்கறேன்" என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு சின்னத் துவாரம், மூச்சு அது வழியாக. உடம்பு தேறியது. ஆனால் வீட்டில் ஒரு கூத்து நடந்தது பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், அவருக்குக் காது போய்விட்ட மாதிரி, அவர் முகத்துக்கு நேரே கத்தினார்கள். "எப்...படி... இருக்...கீங்க?" சிலர் அவரை விட்டுவிட்டு அக்காவிடம், "சாப்பிடறாரா?" என்று கேட்டார்கள். மாமா சிலேட்டில் எழுத மாட்டேன் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அக்காவோ, அவரோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டாள்! "என்னங்க, கஞ்சி குடிக்கிறீங்களா? ஜன்னலைச் சாத்தட்டுங்களா?" என்று ஏதோ மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரி மரியாதை. நான் அதிர்ந்து போனேன். அவள் "ங்க" போட்டுக் கேட்கும்போதெல்லாம் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அடுப்பங்கரையில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்க்கா இப்படிப் பேசறே அவர்கிட்ட?" கரண்டியைக் கீழே வைத்தாள். "திட்டினா திருப்பித் திட்டணும்டீ அந்த ஆளு. திருப்பித் திட்ட முடியாதவரை எப்படித் திட்டறது? பாவமில்ல?" என்றாள். அப்போதுதான் அழுதாள். அந்த போர்டை முடிக்காமல் இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசில் ஏழு பட்டன்கள் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. முழுச் சத்தக் குரல், சுருக்கினாலும் அசையவில்லை. "ரைட், போலாம்!" என்று போர்டு கத்தியபோது சால்டரிங் பண்ணுகிற பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எட்டாவதை அழுத்தினேன். "இன்... க்ர்ர்... தூ... க்ர்ர்..." அவ்வளவுதான். அடித்தொண்டையில் தவளை மாட்டிக்கொண்ட மாதிரி. "கிட்டியா" என்கிற வாலே இல்லை, வெறும் அமைதி.

ஏன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மெதுவான குரல் எங்கள் அளவுகோலின் முதல் கோட்டையே தொடவில்லை. பாதிக்கும் கீழே, அதனால் பூஜ்யம் என்று தள்ளிவிட்டோம். கத்துகிற குரலுக்கு இந்தச் சிப்பில் இடமிருந்தது, கிசுகிசுக்கிற குரலுக்கு இல்லை. குரலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "தூ" காதைப் பிளந்தது, "டியா" அப்போதும் எழுந்திருக்கவில்லை. கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன். இடம் போதாமல் மற்ற வாக்கியங்கள் வெளியே போய் விழுந்தன. எதை எடுப்பது? டீயைத் திட்டுவதையா, என் பஸ்ஸை நிறுத்துவதையா? மறுபடி சொல்லச் சொல்லிப் பிடிக்கலாம் என்றால், சொல்வதற்கு அந்தத் தொண்டையே இல்லை. ஆபீஸ் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நன்றாக அழுதேன்.

டேப்பை முதலிலிருந்து கேட்கலாம் என்று போட்டேன், வேறு எதற்கும் இல்லை, மாமா குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஃபேன் ஓடுகிற அந்த டேக் வந்தது. கையோடு அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கி, சும்மா கேட்டுப் பார்த்தேன். ஃபேனின் கடகடா. அதற்கு அடியில், மங்கலாக, ஆனால் முழுசாக: "இன்னாமே, தூங்கிட்டியா?" வால் இருந்தது! நான் விரட்டி விரட்டி அடித்த ஃபேன் சத்தம் இருந்த டேக்கில் குரல் பிழைத்திருக்கிறது. போர்வை கட்டி, கடுகுக்குச் சண்டை போட்டு, சுத்தமோ சுத்தம் என்று பிடித்த டேக்கில் செத்திருக்கிறது.

தாம்பரம் மார்க்கெட்டில் துருப்பிடித்த தராசு வைத்திருக்கிற காய்காரம்மாவைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் இரண்டு மிளகாய் கூடப் போட்டாலும் முள் அசையாது. அந்த அம்மா தராசுத் தண்டை விரலால் சுண்டுவார். சுண்டினதும் முள் ஆடி, போட்ட மிளகாய்க்குத் தகுந்த மாதிரி சாயும். ஃபேன் செய்தது அந்த வேலை. கோட்டைத் தொட முடியாத குரலை அது சுண்டிக்கொண்டே இருந்தது. சில தடவை குரல் கோட்டுக்கு மேலே போயிற்று, சில தடவை கீழே. குரல் கொஞ்சம் உயர்ந்தால் மேலே போகிற தடவைகள் கூடின, தாழ்ந்தால் குறைந்தன. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கும்போது, காது எல்லாவற்றையும் சேர்த்துக் குரலாகக் கேட்டுவிடுகிறது.

அந்த டேக்கையே வைத்துவிடலாம் என்றால், அக்கா காதில் ஃபேன்தான் விழும், புருஷன் விழ மாட்டார். சுத்தமான டேக்கில் நானே ஒரு சத்தத்தைச் சேர்க்க வேண்டியதுதான். முதலில் ஒரே சீரான ரீங்காரத்தைச் சேர்த்தேன். குரல் வந்தது, கூடவே ஒரு கொசுவும் வந்தது. என் புத்தி அப்படி, எதிலும் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கான சத்தத்தைக் காது கப்பென்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஒழுங்கே இல்லாத சத்தம் என்றால் சீக்கிரமே அதை மறந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒழுங்கே இல்லாத சத்தத்துக்கு எங்கே போவது? தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் போர்டுக்குள்ளேயே இருக்கிறதே! முதலாளியின் பூட்டுக்காக எழுதிய கணக்கு. நான் வெறுத்த அந்த உஷ்ஷ்.

அதே தாறுமாறு எண்களை, பூட்டுக்குப் போடுகிற மாதிரி நிறையப் போடாமல், ஒரு கோட்டு அளவுக்கு மட்டும், சுருக்குவதற்கு முன்னாலேயே குரலோடு சேர்த்தேன். போர்டு பேசும்போது அதே எண்களைத் திரும்ப வரவழைத்துக் கழித்துவிடும். சேர்த்ததும் எனக்குத் தெரியும், கழிப்பதும் எனக்குத் தெரியும். அவசரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஆரம்ப எண்ணும் போர்டில் இன்னொரு எண்ணும் கொடுத்துவிட்டேன். சேர்த்த இரைச்சல் கழியாமல், கழிக்க வந்த இரைச்சலும் மேலே ஏறிக்கொண்டு, மழை கொட்டுகிற மாதிரி ஒரே சோவென்றது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, நாங்க சத்தத்தைக் கூட்டிப் பெருக்கச் சொன்னா, நீ வூட்டுக்குள்ள கொண்டுவந்து கொட்றியே?" என்றார். "சார், கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று முதலாளி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணைத் திருத்தினேன். இரண்டு பக்கமும் மாமாவின் பஸ் நம்பர். பட்டனை அழுத்தினேன்.

"இன்னாமே, தூங்கிட்டியா?"

பின்னால் கொசுறாக ஒரு மெல்லிய மூச்சு, அவ்வளவுதான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்டா இருந்ததே சாவியா மாறிடுச்சே" என்றார். என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும் புத்தியில் ஏறாத ஒன்றை ஒரு ஓட்டை ஃபேன் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்த ஃபேனுக்கும், அலமாரியைத் திறந்த அந்த மனுஷருக்கும், நான் வெறுத்த அந்த உஷ்ஷ் கணக்குக்கும் நான் கடமைப்பட்டவள்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போய் போர்டை மாமா கையில் வைத்தேன். ஏழு பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். "ரைட், போலாம்!" பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் சிரித்தாள், விருந்தாளிகள் முன்னால் சிரிக்கிற சிரிப்பு. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் அவரைப் பார்த்து. மாமாவின் விரல் எட்டாவது பட்டனுக்குப் போயிற்று. தொட்டுப் பார்த்துவிட்டு, போர்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். சரி, அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. உச்சி வெயில். கோவளத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சங்கரா மீனை, வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா அரிவாள்மனையில் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். வாசக் கதவு இரண்டும் பப்பரக்கா என்று திறந்து கிடந்தது. மாமா ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல், ஜன்னல் பக்கம் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து போர்டை எடுத்தார். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னாமே, தூங்கிட்டியா?"

"நான் தூங்கிட்டா உனக்குக் கதவை எவன்யா தொறப்பான்?" என்றாள் அக்கா. திரும்பவே இல்லை. மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டே, அந்தப் பழைய எரிச்சலோடு, யோசிக்காமல் சொன்னாள். சொல்லி முடித்து, இன்னொரு தேய்ப்பு தேய்த்த பிறகுதான் கை நின்றது.

மெதுவாகத் திரும்பினாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா. சத்தமே வராத சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"யோவ்!" என்றாள். செதில் அப்பின கையோடு எழுந்து ஓடினாள். "யோவ், இத்தினி நாளா எங்கய்யா போயிருந்தே? பேமானி, நான் இங்க ஒண்டியா கெடந்து சாவறேன், உனக்கு வெளாட்டா கீதா? கட்டில்ல படுத்துக்கினு சுவத்தைப் பாத்துக்கினு..." திட்டினாள், மூச்சு விடாமல், வாயில் வந்ததையெல்லாம் சேர்த்து, அழுதுகொண்டே திட்டினாள். நான் வெங்காயத்தைப் பழி சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் கடகடவென்று போயிற்று. எனக்கு அன்றைக்கு அதன் மேல் கோபமே வரவில்லை.

அது போய் முடிகிற வரைக்கும் மாமா காத்திருந்தார். அப்புறம் மறுபடி பட்டனை அழுத்தினார்.

"தூங்கலய்யா" என்றாள் அக்கா. "முயிச்சிக்கினுதான்யா கீறேன். உள்ள வா."